திருடர் என்று முகம் சொல்லுமா?

2015 நவம்பரில், மெல்பேர்ணின் மேற்கேயுள்ள ஹைபொயின்ற் அங்காடித் தொகுதியில், அப்பிள் விற்பனை நிலையத்தினுள் நின்ற ஆறு கறுப்பினப் பாடசாலை மாணவர்கள் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். அவர்கள் எதையும் எடுக்கவில்லை. எடுத்துவிடக்கூடும் என்பதே அங்கு கூறப்பட்ட காரணம். மாணவரொருவர் எடுத்த ஒளிப்பதிவு உலகெங்கும் பரவியது. நிலைய முகாமையாளர் மன்னிப்புக் கோரினார். நடந்தது ஏற்கத்தகாதது என நிறுவனத் தலைவர் ரிம் குக் ஊழியர்களுக்கு எழுதினார்.

தமிழ்ப் பெற்றோர் அம்மாணவர்களின் இடத்தில் தம் பிள்ளைகளை வைத்துப் பார்ப்பது இயல்பே. ஆயினும், சிட்னியிலும் மெல்பேர்ணிலும் படிப்போடு பகுதிநேரமாகக் கடைகளில் பணிபுரியும் தமிழ் இளையோர் நிற்பது விற்பனை மேசையின் மறுபக்கத்தில். உள்ளே வருபவரை எடைபோடும் கண் அவர்களுடையது. அக்கண்ணுக்கான பயிற்சி பெரும்பாலும் வீட்டிலேயே தொடங்குகிறது. ‘காப்பிலி’ என்று சாப்பாட்டு மேசையில் உதிரும் சொல்லைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பொருளோ சேவையோ வழங்குகையில் இனம், நிறம் காரணமாக வேறுபாடு காட்டுவதை அவுஸ்திரேலியாவின் 1975 ஆம் ஆண்டு இனப்பாகுபாட்டுச் சட்டம் தடைசெய்கிறது. சேறு படிந்த சப்பாத்துடன் வரும் கட்டடத் தொழிலாளியைக் காக்கவைக்கும் அலட்சியத்தை அச்சட்டம் எட்டாது. அவர் கையிலுள்ள பணம், கழுத்துப்பட்டி அணிந்தவரின் பணத்திற்கு எவ்வகையில் குறைந்தது?

களவைத் தடுக்கும் உரிமை கடைக்கு உண்டு. கவனிக்கவேண்டியது செயலை, தோலின் நிறத்தை அன்று. நுழையும் ஒவ்வொருவரையும் முகம்பார்த்து வரவேற்றாலே களவெடுக்க வந்தவர் தாம் கவனிக்கப்பட்டதை அறிந்துகொள்வார். முகாமையாளர் வேறுவிதமாகப் பணித்தால், காரணம் கேட்பதற்குப் பகுதிநேரப் பணியாளரும் தயங்கவேண்டியதில்லை.