பத்துப் பொருத்தம்

மூன்றாம் ஆண்டு, விலங்கியல்

திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பது நம் வீடுகளில் பழகிப்போன செய்தி. ஓர் உயிரைக் காக்கவும் பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள் என்பதை, சென்ற ஆண்டு நம் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தார் நடத்திய முகாமில்தான் நான் அறிந்தேன்.

இரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோய்களுக்கு ஆளானவர்களை, இன்னொருவரின் இரத்தக் குருத்தணுக்களைச் செலுத்திப் பிழைக்க வைக்கலாம். ஆனால், ஒருவர் அணு எல்லோருக்கும் ஆகாது. நம் உயிரணுக்களின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. என்னும் அடையாளப் புரதங்கள் உள்ளன. இவ்வகையில் முதலாவதை 1958-இல் கண்டறிந்த பிரெஞ்சு மருத்துவர் ழான் தோசே 1980-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தந்தை வழி ஐந்து, தாய் வழி ஐந்து எனப் பத்து அடையாளங்களை ஒப்பிடுகிறார்கள். வியப்பு என்னவெனில், இரத்தப் பிரிவு ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை!

உடன்பிறந்த ஒருவரோடு முழுமையாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்புத்தான். பொருந்தாதபோது, முன்பின் அறியாத ஒருவரைத் தேட வேண்டியிருக்கிறது. இலண்டனில் ஷெர்லி நோலன் என்னும் தாய், தம் மகன் அந்தோணிக்காக 1974-இல் ஒரு கொடையாளர் பதிவேட்டைத் தொடங்கினார். பொருத்தமானவர் கிடைக்காமலே 1979-இல் அச்சிறுவன் இறந்தான். பதிவேடோ இன்றும் பிறர் பிள்ளைகளைக் காக்கிறது. சென்னையிலும் 2009 முதல் 'தாத்ரி' என்னும் பதிவேடு இயங்கி வருகிறது.

நம் முகாமில் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துக் கொடுத்துவிட்டுச் சான்றிதழோடு திரும்பினோம். சில மாதங்களுக்குப் பின், எனக்கு மூத்த மாணவர் ஒருவருக்கு அழைப்பு வந்தது. யாரோ ஒரு நோயாளிக்கு அவர் பொருந்தியிருந்தார். அவருடைய தாயாரோ, "முதுகுத்தண்டுல ஊசி போட்டா எம்புள்ள நாளைக்கு வேலை வெட்டி பாக்க முடியுமா?" என்று அழுதார். அவர் மறுத்துவிட்டார்.

முதலில் எனக்குச் சினம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. நானும் வீட்டில் சொல்லாமல் கையெழுத்திட்டவன்தானே? அந்தத் தாய்க்கு யார் எடுத்துச் சொன்னார்கள்? பெரும்பாலும் ஐந்து நாள் ஊசி போட்டுக்கொண்டபின், கை நரம்பிலிருந்து வரும் இரத்தத்தைக் கருவியில் செலுத்தி, சில மணி நேரத்தில் குருத்தணுக்களை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். எலும்பு மஜ்ஜையையே எடுத்தாலும் அது இடுப்பெலும்பிலிருந்துதான், முதுகுத்தண்டிலிருந்து அன்று.

மாணவ நண்பர்களே! இரத்த தானம் அன்றே முடிந்துவிடும். இதுவோ, பல ஆண்டுகள் கழித்தும் கேட்கப்படக்கூடிய வாக்கு. மாற்றுச் சிகிச்சைக்கு முன் நோயாளியின் பழைய மஜ்ஜையை மருந்துகளால் அழித்துவிடுகிறார்கள். அந்த வேளையில் கொடையாளி பின்வாங்கினால் அவர் கதி என்ன? விலகும் உரிமை நமக்கு எப்போதும் உண்டு. ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர் வேறொருவர்.

ஆகவே, நூறு பேர் பெயரைச் சேர்த்தோம் என்று முகாம்கள் பெருமைப்படுவதைவிட, பத்துப் பேர் தெளிந்து சேர்ந்தார்கள் என்பதே மேல் என்பது என் கருத்து. முதலில் வீட்டாரோடு பேசுங்கள். மனம் ஒப்பவில்லையெனில் பெயர் கொடுக்காதீர்கள், அதில் இழிவில்லை.

என் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. அழைப்பு வராமலே போகலாம். வந்தால், "போய்விட்டு வா" என்று சொல்ல என் அம்மா இப்போது ஆயத்தமாக இருக்கிறார்.