வாதாடுங்கள், ஆனால் காலத்தோடு வாதாடுங்கள்



பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் போனில் பேசினான். "ஓப்பன் சோர்ஸ்ல சேர்ந்தேன் டீச்சர். ஒரு சின்ன மாற்றத்துக்கு மூணு மாசமா வாக்குவாதம். வேண்டாம்னு வந்துட்டேன்" என்றான். யாரும் உள்ளே பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கும் மென்பொருளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அவன் விலகி வந்தது சரியில்லை என்பது என் கருத்து. ஏன் என்பதை நம் தமிழை வைத்தே சொல்கிறேன்.

கருத்து வேறுபாடு இரண்டு வகை. ஒன்றில் எல்லோருக்கும் இடம் உண்டு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்தது தமிழ்99 விசைப்பலகை. அரசும் அதை ஏற்றது. ஆனால் ஆங்கில எழுத்தை ஒலிப்படி தட்டிப் பழகியவர்களும், தட்டச்சுப் பயிற்சி பெற்றவர்களும் தங்கள் முறையே நல்லது என்றார்கள். இ-கலப்பை என்ற திறந்த மூல மென்பொருள் மூன்று முறைகளையுமே உள்ளே வைத்தது. வேண்டியதை எடுத்துக்கொள், அவ்வளவுதான்.

இன்னொரு வகையில் ஒன்றுதான் நிற்க முடியும். கணினிக்குள் ஒவ்வொரு எழுத்தும் ஓர் எண். அந்த எண் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லாத காலத்தில், ஒரு கணினியில் அடித்த கேள்வித்தாள் இன்னொன்றில் கிறுக்கலாக வந்தது. டிஸ்கி, டாம், டாப் என்று பல முறைகள் இருந்தன. கடைசியில் நின்றது யூனிகோட். யூனிகோட் மென்பொருள் இல்லை, ஒரு தரம். ஆனால் இன்றைய மென்பொருள்கள் அதன் மேல்தான் நிற்கின்றன.

1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகச் செய்த இஸ்கி முறையைப் பின்பற்றி வைத்தார்கள். க் + அ = க என்று ஆண்டுக்கணக்கில் கரும்பலகையில் எழுதியவள் நான். யூனிகோடிலோ 'க'தான் அடிப்படை, அதோடு புள்ளி சேர்ந்தால் 'க்'. இலக்கணத்துக்குத் தலைகீழ். ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் வேண்டும் என்று பலர் வாதாடினார்கள். அப்படி அமைந்த டேஸ்16 முறையை 2010இல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்றது. ஆனால் யூனிகோடில் தமிழின் அமைப்பு மாறவில்லை. கொடுத்த எண்ணை மாற்றினால் ஏற்கெனவே எழுதியதெல்லாம் கெடும் என்பதால், மாற்றுவதில்லை என்று விதி வைத்துவிட்டார்கள்.

கொரிய மொழிக்கு 1996இல் 11,172 அசைகளுக்கும் தனித்தனி எண் கிடைத்தது. அவர்கள் கேட்டபோது கதவு திறந்திருந்தது. நம் கோரிக்கையும் நியாயமானதுதான். பிந்திப் போனது.

"பெரிய கம்பெனிக்காரர்கள் வைத்ததுதான் சட்டம், நாம் பேசி என்ன ஆகும்?" என்று கேட்பீர்கள். அதற்கும் பதில் உண்டு. 2010இல் 26 கிரந்த எழுத்துகளைத் தமிழ்ப் பகுதியில் சேர்க்க ஒரு முன்மொழிவு போனது. இந்த முறை தமிழறிஞர்கள் உடனே எதிர்த்தார்கள், தமிழக அரசு மத்திய அரசுக்கு எழுதியது. அவை தமிழ்ப் பகுதியில் சேரவில்லை. 2014இல் கிரந்தத்துக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டது. முடிவாகும் முன்பே போய்க் காரணத்தோடு பேசினார்கள், பலன் இருந்தது.

நமக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கரிசல் மண்ணில் ஈரம் இருக்கும்போதே விதைக்க வேண்டும். வெடிப்பு விழுந்த பிறகு விதைப்பெட்டியோடு போய் நின்று மழையைத் திட்டிப் பயனில்லை.

இப்போதும் ஈரம் இருக்கிறது. பேச்சைக் கேட்டு எழுதும் மென்பொருள்களுக்காக மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் தமிழ்க் குரல்களைத் திறந்த முறையில் சேர்க்கிறார்கள். அதில் கோவில்பட்டி, விளாத்திகுளம் பேச்சு இல்லாவிட்டால், நாளை அந்த மென்பொருளுக்கு நம் ஆட்கள் பேசுவது புரியாது. இடைசெவல் கி.ரா. கரிசல் சொற்களை அகராதியாகத் தொகுத்தபோது யாருடைய அழைப்புக்கும் காத்திருக்கவில்லை.

அதனால் கணினி படித்த பிள்ளைகளே, வாக்குவாதம் என்றால் எழுந்து வந்துவிடாதீர்கள். ஆளைத் திட்டாதீர்கள், காரணத்தைச் சொல்லுங்கள், அதை எழுத்தில் வையுங்கள். தோற்றாலும் அந்தக் காரணம் அங்கே இருக்கும், அடுத்து வருகிறவனுக்கு உதவும். நீங்கள் இல்லாத இடத்தில் உங்களுக்கும் சேர்த்து யாரோ முடிவெடுத்துவிடுவார்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்