எரவாடாவின் மூன்று ஏக்கர்

புனே நகரின் எரவாடாப் பகுதியில் காவல்துறைக்கு உரிய மூன்று ஏக்கர் நிலம் 2023 அக்டோபரில் மகாராஷ்டிர அரசியலை உலுக்கியது. ஓய்வுபெற்ற ஐபிஎஸ் அதிகாரி மீரான் சட்டா போர்வாங்கர் எழுதி, அம்மாதம் வெளிவந்த ‘மேடம் கமிஷனர்’ என்னும் ஆங்கில நூலே இதற்குக் காரணம். 2010இல் அவர் புனே காவல் ஆணையராகப் பொறுப்பேற்ற புதிதில், கோட்ட ஆணையர் அலுவலகத்திற்கு மாவட்டப் பொறுப்பு அமைச்சர் அவரை அழைத்தார். ஏலம் முடிந்துவிட்டது, அதிகத் தொகை கேட்டவரிடம் நிலத்தை ஒப்படைக்க வேண்டியதுதான் பாக்கி என்றார். போர்வாங்கர் மறுத்தார். எரவாடா இன்று நகரின் நடுப்பகுதி, இப்படியொரு நிலம் காவல்துறைக்கு இனி ஒருபோதும் கிடைக்காது, அலுவலகங்களும் காவலர் குடியிருப்புகளும் கட்ட அது தேவைப்படுகிறது என்று காரணம் கூறினார். எல்லாம் முடிந்துவிட்டதென்றால் தமக்கு முன்பிருந்த ஆணையரே ஒப்படைத்திருக்கலாமே என்றும் கேட்டார். அமைச்சர் கையிலிருந்த வரைபடத்தை மேசைமீது வீசியெறிந்தார் என்கிறது நூல்.

நூலில் அமைச்சரின் பெயர் இல்லை. ‘தாதா’ என்ற அழைப்பு மட்டுமே உள்ளது. மராத்தியில் அது அண்ணனைக் குறிக்கும் மரியாதைச் சொல். தமிழில் அச்சொல் பெற்றுவிட்ட பொருளை வாசகர்கள் ஏற்ற வேண்டாம். அன்றைய பொறுப்பு அமைச்சர் அஜித் பவார். தமக்கும் அந்த ஏலத்திற்கும் தொடர்பில்லை, பொறுப்பு அமைச்சருக்கு அரசு நிலத்தை விற்கும் அதிகாரமே கிடையாது என்று அவர் மறுத்துள்ளார். ஏலம் எடுத்த கட்டுமான நிறுவனத்தின் அதிபர் பின்னர் 2ஜி வழக்கில் கைதாகி, 2017 டிசம்பரில் விடுதலையும் செய்யப்பட்டார்.

2023 ஜூன் இறுதியில் போபாலில் பேசிய பிரதமர், தேசியவாத காங்கிரஸ்மீது ஏறத்தாழ 70,000 கோடி ரூபாய் ஊழல் பழியைச் சுமத்தினார். ஒரு வாரம் கழியுமுன், ஜூலை 2 அன்று, அஜித் பவார் பாஜக கூட்டணி அரசின் துணை முதலமைச்சரானார். 2023 அக்டோபர் தொடக்கத்தில் புனேயின் பொறுப்பு அமைச்சர் பதவியும் அவரிடமே திரும்பி வந்தது. 2010இல் காங்கிரஸ் கூட்டணி, 2023இல் பாஜக கூட்டணி. நகர நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது. அதன்மீது பதிந்த கண்கள் மட்டும் மாறவில்லை.

பஞ்சாபின் பாசில்காவில் பிறந்த போர்வாங்கர் 1981இல் மகாராஷ்டிரப் பிரிவு அதிகாரியாகப் பணியில் சேர்ந்தவர். 1994இல் வெளிப்பட்ட ஜல்காவ் பாலியல் கொடுமை வழக்கின் விசாரணையில் முக்கியப் பங்காற்றினார். இளம்பெண்களை மிரட்டிச் சீரழித்த அவ்வழக்கில் உள்ளூர் அரசியல் செல்வாக்கு குறுக்கே நின்றது. மும்பை குற்றப்பிரிவின் தலைமை, புனே ஆணையர் ஆகிய பொறுப்புகளில் அமர்ந்த முதல் பெண் அவரே. 2017இல் ஒன்றிய அரசின் காவல் ஆய்வு மற்றும் மேம்பாட்டு நிறுவனத் தலைவராக ஓய்வுபெற்றார்.

இப்பணிவாழ்வு முழுவதும் நமக்கு உடன்பாடானது என்று எவரும் கருத வேண்டியதில்லை. அவர் மாநிலச் சிறைத்துறையின் தலைமையில் இருந்தபோதுதான் 2012 நவம்பர் 21 அன்று எரவாடா சிறையில் அஜ்மல் கசாப் தூக்கிலிடப்பட்டார். நாட்டு மக்கள் அதனை நிறைவேறிய பின்னரே அறிந்தனர். 2015 ஜூலை 30 அன்று நாகபுரி சிறையில் யாகூப் மேமன் தூக்கிலிடப்பட்டபோதும் அவரே பொறுப்பில் இருந்தார். மேமனின் உயிரைக் காக்க இடதுசாரித் தலைவர்களும் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிய மனுவில் கையெழுத்திட்டிருந்தனர். அரசு இயந்திரத்தின் உச்சியில் ஒரு பெண் அமர்வதால் அவ்வியந்திரத்தின் இயல்பு மாறிவிடாது. அதே புனே மாவட்டத்தின் மாவலில், 2011 ஆகஸ்ட் 9 அன்று, பவனா அணையின் நீரைக் குழாய்வழியே தொழில்நகரத்திற்குக் கொண்டுசெல்வதை எதிர்த்த விவசாயிகள்மீது காவல்துறை சுட்டதில், ஒரு பெண் உட்பட மூவர் மாண்டனர். அது ஊரகக் காவல்துறையின் செயல். நகர ஆணையரான போர்வாங்கரின் பொறுப்பில் வராது. ஆயினும் ஏலத்திற்கு வந்த நிலமும் பறிபோன நீரும் ஒரே வளர்ச்சிக் கொள்கையின் விளைவுகளே.

இருந்தும் எரவாடா மறுப்பின் மதிப்பு குறையாது. அதிகாரி இசைந்திருந்தால் ஒரு கையெழுத்தில் முடிந்திருக்கும் காரியம் அது. இழப்பு அவருக்கன்று, ஒழுகும் கூரையின்கீழ், ஒற்றை அறையில் குடும்பம் நடத்தும் கடைநிலைக் காவலருக்கே.

பெண் அதிகாரி ‘இல்லை’ என்று சொல்வதற்கான இடத்தை எவரும் தானமாகத் தரவில்லை. 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண்ணான சி.பி. முத்தம்மா, சென்னையில் கல்வி கற்றவர். பெண் அதிகாரி திருமணம் செய்ய அரசின் அனுமதி பெற வேண்டும் என்று அன்றைய விதி கூறியது. பதவி உயர்வு மறுக்கப்பட்ட அவர் உச்சநீதிமன்றம் சென்றார். 1979இல் அந்தப் பாகுபாட்டைக் கடுமையாகச் சாடித் தீர்ப்பெழுதிய வி.ஆர். கிருஷ்ணய்யர், 1957இல் அமைந்த கேரளக் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் அமைச்சராக இருந்தவர். அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நிலைமை என்ன? தமிழகத்தில் 2021இல், தம்மிடம் முறைகேடாக நடந்த சிறப்பு டிஜிபிமீது புகார் கொடுக்கச் சென்னைக்கு விரைந்த பெண் ஐபிஎஸ் அதிகாரியின் வாகனமே வழியில் மறிக்கப்பட்டது. 2023 ஜூனில்தான் விழுப்புரம் நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மாவட்டத் தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கே இந்நிலை என்றால், இரவுப்பணி பார்க்கும் பெண் காவலரின் புகார் எந்த மேசையைத் தாண்டும்? காவல்துறையில் பெண்கள் 33 விழுக்காடு இருக்க வேண்டும் என்று ஒன்றிய உள்துறை திரும்பத் திரும்ப அறிவுறுத்துகிறது. 2022 தொடக்கத்தில் நாடு முழுவதும் அது 12 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. 2023 செப்டம்பரில் நிறைவேறிய மகளிர் இடஒதுக்கீட்டுச் சட்டத்தையும் தொகுதி மறுவரையறைக்குப் பின் என்று தள்ளிவைத்தவர்கள் ஆளும் காலம் இது.

அதிகாரிகளை அமைச்சர்களின் விருப்புவெறுப்பிலிருந்து காக்க, 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் குறைந்தபட்சப் பணிக்காலம், காவல் பணியமைப்பு வாரியம் முதலிய ஆணைகளைப் பிறப்பித்தது. பெரும்பாலான மாநிலங்கள் அவற்றைப் பெயரளவுக்கே நிறைவேற்றியுள்ளன. எரவாடா நிலம் போர்வாங்கர் ஒருவரின் உறுதியையே நம்பியிருக்க வேண்டி வந்தது இதனால்தான். வேறொருவர் அந்நாற்காலியில் இருந்திருந்தால்?

எனவே கேள்வி வரைபடத்தை யார் வீசினார் என்பதோடு முடியவில்லை. அந்நிலம் காவல்துறைக்குத் தேவையில்லை என்று முதலில் முடிவெடுத்தவர் யார்? எந்த விலைக்கு, எந்த நிபந்தனைகளில் ஏலம் விடப்பட்டது? உள்துறையில் எவரெவர் ஒப்புதல் அளித்தனர்? மகாராஷ்டிர அரசு அக்கோப்பு முழுவதையும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். பதவியிலுள்ள நீதிபதி ஒருவரின் தலைமையில் விசாரணைக்கு உத்தரவிட வேண்டும். அஜித் பவாருக்கு இதில் தொடர்பில்லையெனில், அவர் துணை முதலமைச்சராக இருந்த அரசு கோப்பைத் திறந்து காட்டத் தயங்க வேண்டியதில்லை.