குறிப்பேடு வேண்டாம் என்பவர் யாருக்காகப் பேசுகிறார்?

கதை எழுதும் மாணவரிடம், அது உருவாகும் விதத்தைப் பதிவு செய்யும் குறிப்பேடான ஜர்னலையும் எழுதச் சொல்வது படைப்பூக்கத்தைக் கொல்லும் வேலை என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வாதிட்டது. எழுதியவர் நிறையப் படித்தவர். சிட்னித் தமிழ்க் குடும்பங்களில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. நியூ சவுத் வேல்ஸின் பள்ளியிறுதித் தேர்வான எச்.எஸ்.சி.யில், சொந்தப் படைப்பொன்றை உருவாக்க வேண்டிய இங்கிலீஷ் எக்ஸ்டென்ஷன் 2 பாடத்தை எடுத்திருக்கும் பிள்ளையின் பெற்றோர் அதைப் படித்துவிட்டு, "இதெல்லாம் வீண் வேலை, கதையை மட்டும் எழுது" என்று சொல்லக்கூடும். அந்தப் பிள்ளைக்கு நேரப்போகும் இழப்பு பெரிது என்பதால்தான் இந்த மறுப்பு.

அவர் முன்வைத்த வாதங்கள் நான்கு. சிறந்த எழுத்து ஒரே வீச்சில் பிறக்கிறது, அதற்கு விளக்கம் எழுத முடியாது. கொடுத்த பொருளில் உடனே பாடும் ஆசுகவிகள் வாழ்ந்த நம் மரபுக்கு இந்த வழக்கம் அந்நியமானது. மாணவர்கள் கடைசி வாரத்தில் உட்கார்ந்து பொய்யாக எழுதி நிரப்புகிறார்கள். இது மாணவரின் மனத்தை வேவு பார்க்கும் ஏற்பாடு. இவற்றுள் மூன்று முற்றிலும் தவறு. ஒன்றில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டும் அவர் தவறான முடிவுக்கே போகிறார்.

முதல் வாதத்துக்கு அவர் மூன்று சாட்சிகளை அழைத்தார்: கோல்ரிட்ஜ், கெரவாக், காஃப்கா. மூவருமே அவருக்கு எதிரான சாட்சிகள்.

'குப்ளா கான்' கனவில் முழுதாக வந்த கவிதை என்பது 1816இல் அதை அச்சிட்டபோது கோல்ரிட்ஜ் தானே முன்னுரையில் சொன்ன கதை. அவர் கைப்பட எழுதிய பிரதி ஒன்று இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதற்கும் அச்சான வடிவத்துக்கும் வேறுபாடுகள் உண்டு. கனவு தந்ததாகச் சொன்ன வரிகளில் விழித்திருந்த கவிஞரின் கை பட்டிருக்கிறது. அதே கோல்ரிட்ஜ் வாழ்நாள் முழுதும் குறிப்பேடுகளை எழுதிக் குவித்தவர் என்பதைக் கட்டுரையாளர் ஒரு சொல்லாலும் தொடவில்லை.

ஜாக் கெரவாக் 'ஆன் தி ரோட்' நாவலை 1951 ஏப்ரலில், சுமார் 120 அடி நீளக் காகிதச் சுருளில், மூன்று வாரத்தில் தட்டச்சு செய்தார் என்பது உண்மை. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர் பயணங்களைக் குறிப்பேடுகளில் எழுதி வந்தார், நாவலின் வேறு தொடக்கங்களை எழுதிப் பார்த்துக் கைவிட்டார் என்பதும் உண்மை. அந்த ஜர்னல்கள் 2004இல் நூலாகவே வந்துவிட்டன. நாவல் அச்சேறியது 1957இல். மூன்று வாரத்தை மட்டும் சொல்லி, முன்னும் பின்னும் இருக்கும் ஆண்டுகளை மறைப்பது நேர்மையான வாதம் ஆகாது.

காஃப்காவை அழைத்ததுதான் எல்லாவற்றிலும் மோசமான தேர்வு. 1912 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு உட்கார்ந்து, மறுநாள் காலைக்குள் 'தீர்ப்பு' கதையை அவர் எழுதி முடித்தார். இது நமக்கு எப்படித் தெரியும்? அவர் நாட்குறிப்பில் எழுதி வைத்ததால் தெரியும். கதையையே அந்த நாட்குறிப்பு நோட்டில்தான் எழுதினார். சில மாதம் கழித்து, 1913 பிப்ரவரியில், அச்சுப் படியைத் திருத்தும்போது அந்தக் கதைக்குள் என்னென்ன நடந்திருக்கிறது என்று உட்கார்ந்து ஆராய்ந்தார். நாயகனின் பெயருக்கும் தன் பெயருக்கும் எழுத்துக் கணக்கில் இருக்கும் ஒற்றுமை, கதையில் வரும் பெண்ணின் பெயர் தன் வாழ்வில் வந்த பெண்ணின் பெயரோடு பொருந்தும் விதம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். ஒரே இரவில் எழுதியவர்கூட, எழுதியது என்ன என்பதைப் பிறகு திரும்பிப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார். நம் பள்ளி மாணவரிடம் கேட்கப்படுவதும் இந்தத் திரும்பிப் பார்த்தலைத்தான்.

கட்டுரையாளர் அழைக்காமல் விட்ட சாட்சிகளும் இருக்கிறார்கள். தஸ்தயேவ்ஸ்கி 'குற்றமும் தண்டனையும்' நாவலை முதலில் கொலைகாரனே தன் வாயால் சொல்லும் வாக்குமூலமாக எழுதினார். பிறகு அதைக் கைவிட்டு, எல்லாம் அறிந்த, கண்ணுக்குத் தெரியாத கதைசொல்லியின் படர்க்கைக்கு மாறினார். அந்த மாற்றத்தை அவர் தனக்குள் விவாதித்ததை அவருடைய குறிப்பேடுகளில் காணலாம். ஸ்டைன்பெக் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலை 1938இல் ஐந்து மாதத்தில் எழுதியபோது கூடவே ஒரு ஜர்னலும் எழுதினார். அன்றைக்கு எந்தக் காட்சி, எங்கே தடை, தன் திறமைமேல் எவ்வளவு அவநம்பிக்கை என்று எல்லாம் அதில் இருக்கிறது. அந்த ஜர்னல் நாவலைக் கொல்லவில்லை. 1940இல் புலிட்சர் பரிசு பெற்றது அந்த நாவல்.

இனி இரண்டாவது வாதம். நம் மரபுக்கு இது அந்நியம் என்று சொல்லக் கட்டுரையாளர் ஆசுகவி காளமேகத்தைத் துணைக்கு அழைக்கிறார். தமிழ் மரபு கவிகளை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்று நான்காக வகுத்தது. அவர் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு அதையே மொத்த மரபு என்கிறார். சித்திரகவியைப் பாருங்கள். நாகபந்தமும் ரதபந்தமும் கட்டம் போட்டு, எழுத்து எழுத்தாக இடம் பார்த்து, பலமுறை மாற்றி அமைக்காமல் கைகூடுமா? ஆசுகவிகூட யாப்பையும் அலங்காரத்தையும் ஆண்டுக்கணக்கில் பயின்ற நாவிலிருந்துதான் வரும்.

இன்னொன்றையும் அவர் மறந்துவிட்டார். ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று நன்னூல் பட்டியல் இடுகிறது: ஆக்கியோன், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். இவற்றோடு காலம், களம், காரணம் ஆகியவற்றையும் சேர்ப்பவர் உண்டு. சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியர் தாமே எழுதுவதில்லை. அவருடைய ஆசிரியரோ, உடன் கற்றவரோ, மாணாக்கரோ, உரைகாரரோ எழுதுவார்கள். ஆனால் கேள்விகள் அவைதாம். எதைப் பற்றி எழுதினாய், யாருக்காக, எந்த வடிவில், என்ன காரணத்தால், எதன் வழிவந்து? நியூ சவுத் வேல்ஸ் பாடத்திட்டம் மாணவரிடம் கேட்பவையும் ஏறக்குறைய இவைதாம். தன் மரபை அறியாமல் மரபின் பெயரால் தீர்ப்பு எழுதக் கூடாது.

மூன்றாவது வாதத்தில்தான் அந்தப் பாதி உண்மை. ஆம், பொய் ஜர்னல்கள் எழுதப்படுகின்றன. ஒப்படைக்கும் வாரத்தில் பழைய தேதிகளைப் போட்டு நிரப்புகிறார்கள். ஆனால் இதற்குக் காரணம் ஜர்னல் அன்று. ஆண்டு முழுதும் அதைத் திறந்து பார்க்காமல், கடைசியில் பக்கத்தை மட்டும் எண்ணும் பெரியவர்களே காரணம். காப்பியடிக்கிறார்கள் என்பதற்காகக் கணக்கையே பாடத்திலிருந்து எடுத்துவிடச் சொல்வாரா இவர்?

பொய் ஜர்னலை அடையாளம் காண்பது கடினமும் இல்லை. "இன்று 500 சொல் எழுதினேன். நன்றாக வந்தது. நாளை தொடர்வேன்" என்பது எந்தக் கதைக்கும் பொருந்தும், ஆகவே எந்தக் கதைக்கும் உதவாது. உண்மைக் குறிப்பு இப்படி இருக்கும்: "பாட்டியின் குரலில் கதை சொல்லத் தொடங்கினேன். மூன்றாம் பக்கத்தில், அவளுக்குத் தெரிய வாய்ப்பே இல்லாத ஒன்றை அவள் சொல்லிவிடுகிறாள். பேத்தியின் பார்வைக்கு மாற்றினால் அந்தக் கடிதத்தைக் கண்டெடுக்கும் காட்சி கிடைக்கும், ஆனால் பாட்டியின் பேச்சுவழக்கை இழப்பேன். இரண்டையும் ஒரு பக்கம் எழுதிப் பார்க்க வேண்டும்." பிரச்சினை, வழிகள், ஒவ்வொன்றிலும் கிடைப்பது, இழப்பது, அடுத்த வேலை எல்லாம் இதில் இருக்கின்றன. தஸ்தயேவ்ஸ்கிக்கு வந்த கேள்விதான் இந்த மாணவருக்கும் வந்திருக்கிறது. இப்படி எழுத ஆசிரியர் கற்றுக்கொடுக்க வேண்டும். கற்றுக்கொடுக்காமல் விட்டுவிட்டு மாணவரைப் பொய்யர் என்பது அநியாயம்.

நான்காவது வாதம், வேவு. கட்டுரையாளர் விதிகளைப் படித்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டார். 2017இல் வெளியான பாடத்திட்டத்தின்படி, வெளித்தேர்வுக்கு 50 மதிப்பெண். அதற்காக மதிப்பிடப்படுபவை மேஜர் ஒர்க் எனப்படும் படைப்பும், தன் படைப்பைப் பற்றி மாணவரே எழுதி அதோடு இணைக்கும் அதிகபட்சம் 1500 சொல் கொண்ட ரிஃப்ளெக்‌ஷன் ஸ்டேட்மென்ட்டும். ஜர்னலுக்கு என்று வெளித்தேர்வாளர் தனி மதிப்பெண் போடுவதில்லை. வேலை வளர்ந்த விதத்துக்கும் அது மாணவரின் சொந்த வேலைதான் என்பதற்கும் ஜர்னல் ஆதாரம், அவ்வளவே. வீட்டுச் சண்டையையோ மன ரகசியத்தையோ எழுதும்படி யாரும் கேட்கவில்லை. அது அந்தரங்க நாட்குறிப்பு அன்று, பணிக் குறிப்பேடு. இரண்டையும் ஒன்றாக்கிப் பெற்றோரைப் பயமுறுத்துவது பொறுப்பற்ற செயல்.

இந்த நான்கோடு, செயற்கை நுண்ணறிவே ஜர்னலை எழுதித் தந்துவிடும் காலத்தில் இதற்கு என்ன மதிப்பு என்றும் கேட்கிறார். எழுதித் தரும்தான். ஆனால் அதே பாடத்திட்டத்தின்படி பள்ளிக்குள் நடக்கும் மதிப்பீட்டில் வாய்மொழித் தேர்வும் உண்டு. "இந்தப் பாத்திரத்தை ஏன் இரண்டாம் வரைவில் நீக்கினாய்?" என்று ஆசிரியர் கேட்கும்போது, நீக்கியவருக்குப் பதில் இருக்கும். முடிந்த கதையை யாரும் நொடியில் உருவாக்கலாம் என்றாகிவிட்ட நாளில், கதை வந்த வழியைச் சொல்லத் தெரிவது முன்னைவிட அவசியம் ஆகிறது.

இந்த வாதங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. எழுத்து சிலருக்கு வாய்க்கும், மற்றவருக்கு வாய்க்காது என்பதே அது. என் கோபம் அதன்மேல்தான். வீடு நிறையப் புத்தகமும் சாப்பாட்டு மேசையில் இலக்கியப் பேச்சும் உள்ள பிள்ளைக்கு ஜர்னல் இல்லாவிட்டாலும் வழிகாட்ட ஆள் உண்டு. அப்பா இரவு ஷிஃப்டில் டாக்சி ஓட்ட, அம்மா முதியோர் இல்லத்தில் வேலை பார்க்க, வென்ட்வொர்த்வில் வாடகை வீட்டில் தனியாக உட்கார்ந்து எழுதும் பெண்ணுக்குத் தன் வரைவைப் பற்றிப் பேச யார் இருக்கிறார்கள்? நேற்று எடுத்த முடிவை இன்று கேள்வி கேட்கும் துணை அவளுக்கு அந்தக் குறிப்பேடுதான். ஒரு கதை நன்றாக வந்தால் ஏன் வந்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அடுத்த கதையை மறுபடியும் அதிர்ஷ்டத்தை நம்பித்தான் தொடங்குவாள். மேதைகளைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு கட்டுரையாளர் கைவிடுவது இவளைத்தான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் ஜர்னலை எடுத்துப் படிக்காதீர்கள், பக்கத்தையும் எண்ணாதீர்கள். "இன்று எதை மாற்றினாய், ஏன் மாற்றினாய்?" என்று மட்டும் கேளுங்கள். ஆசிரியர்களே, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அதைத் திறந்து ஒரு கேள்வி எழுதிவையுங்கள். மாணவர்களே, அடித்த வரிகளையும் கைவிட்ட வரைவுகளையும் தேதியோடு வைத்திருங்கள். குறிப்பேடு வேண்டாம் என்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள்.