கடல் கண்டோம் – கொண்டு வந்ததென்ன?



கொல்லிமலைக்குக் காட்சி காண வருவோர் தொகை ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகிறது. காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, வண்டிகள் வரிசை வரிசையாக மேலேறுகின்றன. வருவோர் ஆகாயகங்கை அருவியில் நீராடுகின்றனர். அறப்பளீசுவரர் கோயிலில் கைகூப்புகின்றனர். சித்தர் குகை எங்கே, கொல்லிப்பாவை எங்கே, வசிய மூலிகை எங்கே என்று எங்களைத் துளைத்தெடுக்கின்றனர். பிறகு இறங்கிச் சென்று, “பாவம், மலைவாசிகள்! இன்னும் மூடநம்பிக்கையிலே மூழ்கிக் கிடக்கிறார்கள்” என்று இரக்கத்தோடு பேசுகின்றனர்.

மூலிகை தேடி வந்தவர்கள் அவர்கள். மூடர் என்ற பெயரோ எங்களுக்கு! என்னே நீதி!

இரண்டு நாள் சுற்றிப் பார்த்தவர்கள் எங்களைப் பற்றித் தீர்ப்புக் கூறலாமெனில், அந்த உரிமை எங்களுக்கும் உண்டு. நாங்களும் ஒருமுறை காட்சி காணச் சென்றோம் – மலையை விட்டிறங்கிக் கடலைக் காண. அந்தப் பழைய பயணத்தை இன்று எடுத்துரைப்பது பொழுதுபோக்குக்காக அன்று. அதிலே நகரத்தார் மீது ஒரு வழக்கு உண்டு. பகுத்தறிவாளர்களாகிய எங்கள் மீதே இன்னொரு வழக்கும் உண்டு. இரண்டாவது வழக்கே கடுமையானது.

1968 சனவரித் திங்கள். சென்னையிலே இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு. நாடெங்கிலுமிருந்து மக்கள் வெள்ளம் அந்நகர் நோக்கிப் புறப்பட்டது. மலையிலே பிறந்து, அடிவாரத்துப் படிப்பகத்தில் ஏடு படிக்கக் கற்று, ‘ஏன், எதற்கு’ என்று கேட்கப் பழகிய இளைஞர் அறுவர் நாங்கள். ஓரி ஆண்ட மலையிலிருந்து தமிழ் விழாவுக்கு ஒருவரும் போகாதிருப்பதா என்று கிளம்பினோம். கேழ்வரகுக் களியும் சாமைச் சோறும் மூட்டையிலே. காட்டுப் பாதையில் நடந்திறங்கிச் சேந்தமங்கலம் சேர்ந்து, அங்கிருந்து நாமக்கல், சேலம், சேலத்திலிருந்து இரயில்.

புறப்பட்ட விடியற்காலையில் எங்களை ஒரு மூதாட்டி வழிமறித்தார். கையிலே ஒரு கண்ணாடிப் புட்டி.

“கடலுக்குப் போறீங்களாம்ல, ராசா? இந்தச் சீசாவுல கொஞ்சம் கடத்தண்ணி மொண்டுக்கிட்டு வாங்க. பேரப்புள்ளைக்குக் காய்ச்சல் விடவே மாட்டேங்குது. அதத் தெளிச்சா விட்டுருமாம்.”

“சரி, ஆயா” என்று வாங்கிக்கொண்டோம். வளைவு தாண்டியதும் வாய்விட்டுச் சிரித்தோம். கடல்நீர் காய்ச்சலைத் தீர்க்குமாம்! எத்தனை நூற்றாண்டு இருள்! சேலம் போய்ச் சேரும்வரை அந்தப் புட்டிதான் எங்கள் நகைச்சுவை.

சென்னையில் சென்ட்ரல் நிலையத்தை விட்டு வெளியே வந்தோம். எதிரே என்ன இருந்தது? பொது மருத்துவமனை! 1664-இல் கோட்டைக்குள்ளே தொடங்கப்பெற்றுப் பின்னர் அவ்விடம் பெயர்ந்த பெருமருத்துவமனை. நாட்டின் நாற்றிசையிலிருந்தும் நோயாளிகள் வந்து குவியும் இடம். அதன் வாயிலைக் கடந்துதான் சென்றோம். “எவ்வளவு பெரிய கட்டடம்!” என்றோம். மேலே நடந்தோம். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே, பிறகு வருவோம்.

கடற்கரைக்குச் சென்றோம். 1884-ஆம் ஆண்டில் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாவுசாலை அமைத்து மெரினா என்று பெயரிட்ட கடற்கரை. மாநாட்டையொட்டி நிறுவப்பெற்ற பத்துச் சிலைகள் புத்தம் புதியனவாக நின்றன. வள்ளுவரைக் கண்டோம், ஔவையைக் கண்டோம், சிலம்பேந்திய கண்ணகியைக் கண்டோம், பாரதியையும் பாரதிதாசனையும் வ. உ. சி.யையும் கண்டோம். தமிழுக்கு உழைத்த போப்புக்கும் கால்டுவெல்லுக்கும் வீரமாமுனிவருக்கும் கல்லிலும் உலோகத்திலும் நன்றி கூறிய பண்பைக் கண்டு நெஞ்சு நிமிர்ந்தோம். அந்தப் பெருமையை இன்றும் நாங்கள் குறைத்துக் கூற மாட்டோம்.

எனினும் எங்களை நெடுநேரம் நிறுத்தி வைத்தது அவற்றுள் ஒன்றன்று; அதற்கு முன்பே, 1959-இல், தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து நிறுவிய உழைப்பாளர் சிலை. நால்வர், ஒரு பாறை. நரம்பு புடைக்க நெம்புகிறார்கள். பாறையோடு போராடும் மனிதனை எங்களுக்குத் தெரியும். எங்கள் தந்தையர் அவர்கள். 1923 மே முதல் நாளில், இந்திய மண்ணின் முதல் மே நாள் கூட்டத்தைச் சிங்காரவேலர் கூட்டியதும் அதே கடற்கரை மணலில்தான் என்று தோழர் ஒருவர் சொன்னார். மீனவர் குடியிலே பிறந்து, அறிவியலைத் தமிழிலே எழுதிய அந்தப் பெரியவரின் பெயரைக் கேட்டதும் கடல் எங்களுக்கு இன்னும் அகன்றது.

அந்த உணர்ச்சியோடு திரும்பினோம். எதிரே ஒரு கிளிக்கூண்டு.

கூண்டின் முன்னே குந்தியிருந்தவர் கல்லாத மலைவாசி அல்லர். வெள்ளை வேட்டி, தங்க மூக்குக்கண்ணாடி, சட்டைப் பையிலே பேனா. பதவி உயர்வு கிட்டுமா என்று கிளியைக் கேட்டுக்கொண்டிருந்தார்! கிளி சீட்டெடுத்தது; அவர் காசெடுத்தார். எங்களோடு பேச்சுக் கொடுத்தார். கொல்லிமலை என்றதும் முகம் மலர்ந்தது. ஓரியைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் கேட்டது என்ன தெரியுமா? “உங்கள் மலையிலே ஆளை மயக்கும் வேர் கிடைக்குமாமே, அஞ்சலில் அனுப்ப முடியுமா?”

மூடநம்பிக்கை மலையிலே விளைகிறது என்பார்க்கு இதுவே எம் முதல் விடை. வேரை எதிர்பார்த்து வீட்டு முகவரி எழுதிக் கொடுத்தவர் பட்டம் பெற்றவர். மயக்கும் பாவை ஒன்று எம் மலையில் இருந்ததாகச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. அது புலவரின் கற்பனை வளம். அதை மாந்திரீகமாக்கி, தாயத்தாக்கி, வாணிபமாக்கும் சந்தை எங்கே இருக்கிறது? கொல்லிமலைப் பெயரைச் சொல்லிச் சமவெளிக் கடைத்தெருவிலே விற்கிறார்கள், சமவெளியிலே வாங்குகிறார்கள். பழி மட்டும் மலையேறுகிறது!

இனி எங்கள் மீதான வழக்குக்கு வருவோம்.

ஊர் திரும்பும் நாளில் புட்டி நினைவுக்கு வந்தது. நிரப்புவதா, வேண்டாவா? “பகுத்தறிவாளன் தீர்த்தம் சுமப்பதா?” என்றார் ஒருவர். அனைவரும் கைதட்டினோம். புட்டியை மணலிலேயே விட்டு வந்தோம். சங்கு வாங்கினோம், சிலைகளின் படங்கள் வாங்கினோம், மாநாட்டு மலர் வாங்கினோம்.

மலையேறி வந்து சேர்ந்தபோது அந்தக் குழந்தை இல்லை. இரண்டு நாள் முன்னர் இறந்துவிட்டது.

மூதாட்டி திண்ணையில் அமர்ந்திருந்தார். எங்களிலே ஒருவர், வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாதா, விளக்கம் கூறினார்: ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது, அது காய்ச்சலைத் தீர்க்காது, கொண்டு வந்திருந்தாலும் பயனில்லை என்று. ஒவ்வொரு சொல்லும் உண்மை. மூதாட்டி முழுதும் கேட்டார். கோபப்படவில்லை.

“கடத்தண்ணி ஆகாதுங்கறீங்க. சரி, ராசா. எது ஆகுமோ அத ஒரு பொட்டுக் கொண்டாந்திருக்கலாமே!”

தோழர்களே, நாங்கள் கேட்ட பகுத்தறிவுச் சொற்பொழிவுகள் பல. அவை எவற்றினும் மேலான பகுத்தறிவு அந்த ஒற்றை வாக்கியத்திலே இருந்தது. பொய்யை நம்பாதே என்று சொன்னோம். மெய்யைக் கொண்டு வந்து கையிலே கொடுத்தோமா? மருத்துவமனையின் வாயிலைக் கடந்து நடந்தோமே, காய்ச்சலுக்கு என்ன மருந்து, மலைக்கு ஒரு மருத்துவரை அனுப்பக் கோரி யாருக்கு எழுதுவது என்று ஒருவரேனும் உள்ளே சென்று கேட்டோமா? எங்கள் சிற்றூருக்கு அருகில் அன்று மருத்துவர் இல்லை. மருத்துவர் இருந்திருந்தால் அந்த மூதாட்டி கடலிடம் ஏன் போகிறார்? எட்டாத மருத்துவமனையும் எட்டாத கடலும் அவருக்கு ஒன்றுதான்!

இங்கே சிலர் குறுக்கிடுவர். “அறியாமைதான் முதற்காரணம், அறிவு வந்தால் வசதி தானே வரும்” என்பர். தானே வருமா? கொல்லிமலையிலிருந்து பாக்சைட் கீழே போயிற்று; மிளகு போகிறது; காப்பி போகிறது; சவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி போகிறது. அந்த மரவள்ளிக்கு இடம் விட்டுச் சாமையும் தினையும் பனிவரகும் எங்கள் கொல்லைகளில் சுருங்கின. இவையெல்லாம் தாமே கீழே நடந்து சென்றனவா? வேண்டியவர்கள் வழி செய்துகொண்டார்கள்! நாங்கள் வேண்டியவை மட்டும், நாங்கள் அறிவு பெறும்வரை, அடிவாரத்திலே காத்திருக்க வேண்டுமா?

வேறு சிலர், “மலைமக்கள் மாறாதிருப்பதே அழகு” என்று பாடுவர். காட்சி காண்பவனின் கண் அது. அந்தக் கண்ணுக்கு மலையிலே குடிசை அழகு. கடற்கரையிலே குப்பம் அழுக்கு! 1985-ஆம் ஆண்டில் மெரினாவை அழகுபடுத்துவதாகக் கூறி, மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் அகற்ற முற்பட்டு, அது துப்பாக்கிச் சூட்டிலே போய் முடிந்ததை நாடு மறந்திருக்கலாம், நாங்கள் மறக்கவில்லை. உழைப்பாளிக்குச் சிலை வைத்த மணலில், உழைப்பாளியின் வலைக்கு இடமில்லை என்றார்கள்! கடலோரத்தில் வாழ்பவனை விரட்டச் சொல்வதும், மலையில் வாழ்பவனை மாறாதே என்று சொல்வதும் ஒரே நோய். இரண்டிலும் மனிதன் காட்சிப் பொருள்.

“ஓரிக்கு ஆடி 18-இல் விழா எடுக்கிறோமே, போதாதா?” என்று கேட்பாருமுண்டு. எடுங்கள், மகிழ்ச்சி. ஆனால் ஓரி ஏன் புகழப்பட்டான்? நாடி வந்தோர்க்கு வேண்டியதைக் கொடுத்ததனால். கொடுப்பதை விட்டுவிட்டு, கொடுத்தவனுக்கு மாலை மட்டும் சூட்டினால் அது வெறும் கடன்கழிப்பு.

உண்மையை மறைக்க மாட்டோம்: 1968 அன்று இன்று. கொல்லிமலைக்குச் சாலை உண்டு, செம்மேட்டில் அரசு மருத்துவமனை உண்டு, பள்ளிகள் உண்டு, எங்கள் பெண்கள் கல்லூரி சென்று பட்டம் பெறுகின்றனர். இவை வேண்டுதலால் வந்தவை அல்ல. கேட்டவர்களும், கேட்டதைச் சட்டமாக்கியவர்களும், இட ஒதுக்கீட்டுக்காகப் போராடியவர்களும் இருந்ததனால் வந்தவை.

ஆனால் எம் மலை ஒன்றே மலை அன்று. 2023 மே மாதத்தில், வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில், பாம்பு தீண்டிய ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் ஓடினர். சரியான சாலை இல்லை. மருத்துவமனை சேர்வதற்குள் உயிர் போயிற்று. பிணமான குழந்தையைக் கொண்டுவந்த ஊர்தியும் பாதி வழியில் நின்றது. எஞ்சிய தொலைவைத் தாய் தன் கையில் உடலைச் சுமந்து நடந்தாள். அவர்களும் எங்களைப் போன்ற மலையாளிப் பழங்குடியினரே. 1968-இல் ஒரு குழந்தை. 2023-இல் ஒரு குழந்தை. இடையிலே 55 ஆண்டுகள். இதற்கு எந்தக் கிளி சீட்டெடுத்து விடை கூறும்?

“காட்டு நிலம், சாலை போட இயலாது” என்று அலுவலர் கையை விரிக்கும்போது தலைகுனிந்து திரும்பாதீர். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைக் கையில் எடுங்கள். அதன் 3-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு, சாலை, பள்ளி, மருந்தகம், குடிநீர் உள்ளிட்ட 13 வசதிகளுக்குக் காட்டு நிலத்தை ஒதுக்க இடமளிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு எக்டேருக்குக் குறைவான நிலம். எக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டலாகாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். கிராம சபை யார்? நாமே! தீர்மானம் எழுதத் தெரிந்த இளைஞன் ஒருவன் ஊருக்கு வேண்டும். பகுத்தறிவு இளைஞனே, அந்த ஒருவனாக நீ ஏன் இருக்கக் கூடாது?

மூடநம்பிக்கையை எதிர்க்காதே என்று சொல்கிறோமா? இல்லை! தாயத்தைக் கண்டிப்போம், மந்திரத்தைக் கண்டிப்போம், பாம்புக்கடிக்கு வேரரைத்துக் கட்டும் வழக்கத்தை உயிர்க்கொலை என்றே கண்டிப்போம். ஆனால் தாயத்தை அறுக்கும் கை, மறுகையிலே மருந்தை நீட்ட வேண்டும். மருத்துவமனைக்கு எத்தனை கல் தொலைவு என்று அளந்துவிட்டு, அதன் பிறகு மேடையேற வேண்டும். “நம்பாதே” என்பது பாதிப் பகுத்தறிவு. “இதோ, இதனால் பிழைப்பாய்” என்பதே முழுமை.

மலைக்கு வாருங்கள், தோழர்களே. அருவி கண்டு மகிழுங்கள். அதன்பின் சாலை முடியும் இடம்வரை நடந்து, அதற்கு அப்பாலுள்ள சிற்றூரில் ஒருவரிடமேனும் கேளுங்கள்: “உங்களுக்கு என்ன கொண்டு வரவேண்டும்?” அவர் கூறுவதை எழுதிக்கொண்டு இறங்குங்கள். எழுதியதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை ஓயாதீர்கள்.

நாங்கள் அன்று கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்!