இறக்கி வைக்க வேண்டிய பாரம்

தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 19:1-8, எபிரெயர் 12:1



சாட்சி நேரத்தில் நாம் கேட்பவை பெரும்பாலும் முடிந்துபோன துன்பங்களின் வரலாறுகளே. சுகம் பெற்றவர் எழுந்து நிற்கிறார். வேலை கிடைத்தவர் எழுந்து நிற்கிறார். இன்னும் சுகமாகாதவரோ கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார்; சில வாரங்களில் வராமலும் போய்விடுகிறார். இன்னும் அதிகமாக ஜெபியுங்கள், இன்னொரு நாள் உபவாசியுங்கள் என்று நாம் அவருக்குச் சொல்லும் ஆலோசனை, சில வேளைகளில் காயத்தையே பெரிதாக்குகிறது என்பது என் எண்ணம்.

ஆஸ்திரேலிய ஆல்ரவுண்டர் ஷேன் வாட்சனை உங்களில் அநேகர் அறிவீர்கள். 2018 ஐ.பி.எல். இறுதிப் போட்டியில் சென்னை அணிக்காக 57 பந்துகளில் 117 ரன்கள் குவித்தவர். அன்று அவர் சந்தித்த முதல் பத்துப் பந்துகளில் ஒரு ரன்னும் வரவில்லை. காத்திருப்பது அவருக்குப் புதிதன்று.

அவருடைய இளமைக்காலம் காயங்களாலேயே நிறைந்திருந்தது. முதுகெலும்பில் ஏற்பட்ட விரிசல் 2003 உலகக் கோப்பை வாய்ப்பைப் பறித்தது. 2005இல் பிரிஸ்பேன் டெஸ்டில் பந்தைத் தடுக்கப் பாய்ந்தபோது தோள்மூட்டு விலகியது. தொடைத்தசைக் காயத்தால் 2006-07 ஆஷஸ் தொடர் முழுவதையும் இழந்தார். திறமை இருந்தது, அதைத் தாங்கும் உடல்தான் இல்லை என்று பலரும் தீர்ப்பளித்தனர்.

அப்பொழுது அவர் செய்தது சிந்திக்கத்தக்கது. பளு தூக்கும் கடும்பயிற்சியைக் கைவிட்டு, உடலைப் பொறுமையாகச் சீராக்கும் பயிற்சிக்கு மாறினார், மதுவையும் விட்டார். 2008இல் முதல் ஐ.பி.எல். தொடரின் சிறந்த வீரரானார். 2009 ஆஷஸ் தொடரின் நடுவே டெஸ்ட் அணிக்குத் தொடக்க ஆட்டக்காரராகத் திரும்பினார். 2010, 2011 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆஸ்திரேலியாவின் உயரிய கிரிக்கெட் விருதான ஆலன் பார்டர் பதக்கம் அவருக்கே கிடைத்தது.

அவரை விசுவாச வீரராக உங்கள் முன் நிறுத்துவது என் நோக்கமன்று. விரிசல் கண்ட முதுகின்மேல் மேலும் பளுவை ஏற்றக்கூடாது என்ற எளிய உண்மையை அவர் வாழ்க்கை காட்டுகிறது. எபிரெயர் நிருபமும் ஓட்டக்காரனிடம் பாவத்தை மட்டுமல்ல, பாரத்தையும் தள்ளிவிடச் சொல்கிறது. இரண்டையும் அது தனித்தனியே குறிப்பிடுவதைக் கவனியுங்கள். ஒருவருடைய சோர்வையெல்லாம் பாவமென்றோ அவிசுவாசமென்றோ நாம் தீர்த்துவிடலாகாது.

கர்மேல் மலையில் வெற்றி கண்ட எலியா, சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவை வேண்டினான். கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை, உபவாசிக்கவும் சொல்லவில்லை. தூதன் அப்பமும் தண்ணீரும் கொண்டுவந்தான். எலியா உண்டான், மறுபடியும் உறங்கினான். இரண்டாம் முறையும் போஜனம் வந்தது. ஓரேப் மட்டும் நடக்கவேண்டிய நாற்பது நாள் பயணம் அதற்குப் பின்னரே தொடங்கியது.

அப்படியானால் ஜெபத்தை விட்டுவிடலாமா? கூடாது. வாட்சன் பயிற்சியை விடவில்லை. அதன் முறையை மாற்றினார். முழு இரவு ஜெபிக்க இயலாதவர் "ஆண்டவரே" என்று ஒரே சொல்லால் ஜெபிக்கட்டும். அதையும் அவர் கேட்கிறார்.

திரும்பி வருதல் என்பது இனிக் காயமே இல்லாதிருத்தலும் அன்று. 2019 இறுதிப் போட்டியில் வாட்சன் முழங்காலில் இரத்தம் கசிய ஆடி 80 ரன்கள் எடுத்தார். கடைசி ஓவரில் ரன் அவுட் ஆனார். சென்னை ஒரே ஒரு ரன்னில் தோற்றது. பின்னர் அந்தக் காயத்திற்கு ஆறு தையல்கள் போடப்பட்டன என்ற செய்தி வந்தது. தோற்ற அந்த ஆட்டத்தையும் ரசிகர்கள் இன்றளவும் போற்றுகின்றனர். விளையாட்டு ரசிகர்களுக்கு இருக்கும் இந்தப் பெருமனம் தேவனுடைய சபைக்கு இருக்கவேண்டாமா?

ஆகவே இந்த வாரம், ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்ட ஒருவரின் வீட்டிற்குச் செல்லுங்கள். "சுகமாகிவிட்டதா?" என்று விசாரிக்கவேண்டாம். அந்தத் தூதனைப்போல ஒருவேளை உணவை எடுத்துச் செல்லுங்கள், சற்றுநேரம் உடனிருங்கள். அவர் சாட்சி சொல்லும் நாள் கர்த்தருடைய கரத்தில் இருக்கிறது.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, சோர்ந்திருப்போர்மேல் நாங்கள் ஏற்றிய பாரங்களை எங்களுக்கு மன்னியும். அவர்களோடு காத்திருக்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.