‘யு’ சான்றிதழும் எந்திரனின் தீ விபத்தும்

‘எந்திரன்’ குழந்தைகளுக்கு ஏற்ற படமா என்று கேட்டால் நம்மவர்கள் முதலில் எண்ணத் தொடங்குவது துப்பாக்கிகளை. நூற்றுக்கணக்கான சிட்டிகள் உருண்டையாகவும் பாம்பாகவும் திரண்டு சுடும் அந்த இறுதிப்பகுதி எங்களுக்கு ஒரு பொருட்டே அல்ல. அது பொம்மைக்கடை. பத்து வயதுக் குழந்தைக்கு அது விளையாட்டென்று தெரியும்; பெரியவர்களுக்குத்தான் சமயங்களில் தெரிவதில்லை.

எங்கள் வழக்கு முற்பாதியில் வரும் தீ விபத்துக் காட்சியின் மீது. எரியும் குடியிருப்பிலிருந்து சிட்டி ஒவ்வொருவராக மீட்டுக் கொண்டுவருகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் ஆடையற்ற நிலையிலேயே தூக்கிவருகிறது. கூட்டம் பார்க்கிறது, கேமராக்கள் பார்க்கின்றன. அவமானம் தாளாமல் அவள் சாலையில் ஓடி வாகனத்தில் அடிபட்டுச் சாகிறாள். 2010-இல் இந்தப் படம் ‘யு’ சான்றிதழோடு, அதாவது எந்த வயதினரும் துணையின்றிப் பார்க்கலாம் என்ற முத்திரையோடு வந்தது.

சாவைக் காட்டியதல்ல எங்கள் புகார். குழந்தைகளுக்குச் சாவு தெரியும். பாட்டி கதைகளிலேயே எத்தனையோ சாவுகள். இந்தச் சாவுக்குப் படம் யாரைக் குற்றவாளியாக்குகிறது என்பதே கேள்வி. வேடிக்கை பார்த்த கூட்டம் தப்பிவிடுகிறது, கேமராக்காரர்களும் தப்பிவிடுகிறார்கள். குற்றம் முழுவதும் வெட்கம் அறியாத இயந்திரத்தின் தலையில். அதற்கு மனித உணர்ச்சிகளைக் கற்பிக்க வேண்டும் என்று வசீகரன் முடிவெடுக்க இந்தச் சாவு ஒரு காரணம், அவ்வளவே. பிறர் கண்ணில் பட்டுவிட்ட பெண் சாவதுதான் ‘மனித உணர்ச்சி’ என்று படம் சொல்லிக்கொடுக்கிறது. எட்டு வயதுச் சிறுமி இதை வாதமாகக் கேட்பதில்லை, இயல்பாக உள்வாங்கிக்கொள்கிறாள். ரத்தமும் முத்தமும் தேடும் கண்களுக்கு இது எப்படித் தட்டுப்படும்?

இதில் அறிவியல் புனைவுக்கு நேர்ந்த இழப்பும் உண்டு. நாம் பழகிப்போன ஒன்றை அந்நியக் கண்ணால் பார்க்கவைப்பதே அவ்வகைமையின் வலிமை. ஒரு மனித உடலைக் கண்டு அதில் காப்பாற்ற வேண்டிய உயிரை மட்டுமே காணும் இயந்திரம்! படத்தின் மிகச்சிறந்த அறிவியல் புனைவுக் கணம் அதுதான். படமோ அதற்காக வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்கிறது. வசனத்தில் பங்களித்த சுஜாதா (2008-இல் மறைந்தார்), ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாயைப் படைத்தவர். மனிதர்களை விடச் சுயமாகச் சிந்தித்த நாய் அது. அந்தக் குறும்பு இந்தக் காட்சியில் இல்லை.

தடை கேட்கும் கூட்டத்தில் நாங்கள் இல்லை, வெட்டும் வேண்டாம். 2018-இல் வந்த ‘2.0’ யு/ஏ பெற்றது. 2024-இன் புதிய விதிகள் யு/ஏ பிரிவையே 7, 13, 16 வயது என்று மூன்றாக்கியுள்ளன. வயதை எத்தனை கூறு போட்டாலும், எதை அளக்கிறோம் என்பது அப்படியே நிற்கிறது. பிள்ளையோடு அமர்ந்து பார்ப்பவர்கள் அந்த இடத்தில் நிறுத்தி, அவள் ஏன் ஓடினாள், கேமராவை ஏன் யாரும் இறக்கவில்லை என்று பேசட்டும்.

படமே இறுதியில் ஒரு பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டுவருகிறது. 2030-இல், அருங்காட்சியகத்தில், பிரித்துவைக்கப்பட்ட சிட்டியின் முன்னால். ஏன் பிரித்தார்கள் என்று ஒரு குழந்தை கேட்கிறது. அந்தப் பெண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை.